லிட்டருக்கு முப்பத்தொன்று

கருங்கல் ஊர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஜெனோவின் ஹைப்ரிட் கார் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து, பெட்ரோல் எஞ்சின் விழித்துவிடாதபடி, முடிந்தவரை பேட்டரியிலேயே மெல்ல உருட்டி வந்திருக்கிறான். குவைத்திலிருந்து வந்திறங்கிய மனைவி ஷெர்லி, குழித்துறைப் பாலத்தில் ஒருமுறை மட்டும், “கொஞ்சம் வேகமாட்டு போவுங்க, அம்மைக்க மொகத்தப் பாக்கணும்” என்றாள். உள்ளே மண்வெட்டிச் சத்தம் கேட்கிறது. அவளுடைய மாமா மரியஜான் வெளியே வந்து கார்க் கண்ணாடியருகே குனிகிறார். “பெட்டிய மூடியாச்சு மக்கா. ஃபாதர் ஒனக்கு வேண்டி அர மணிக்கூர் பாத்து நின்னாரு.” அம்மாவின் கையில் சுற்ற வாங்கிவந்த ஜெபமாலை ஷெர்லியின் மடியில் கிடக்கிறது. ஜெனோ காரை அணைக்கிறான். திரையில் பச்சை இலை ஒன்று விரிகிறது: பாதித் தூரம் பேட்டரியில், லிட்டருக்கு முப்பத்தொன்று, இதுவரை உங்கள் சிறந்த பயணம். அவன் உள்ளங்கையால் அதை மறைப்பதற்குள் ஷெர்லி வாசித்துவிடுகிறாள்.