படிவத்தில் இல்லாத உறவு

மயங்கி விழுந்த ஜெகதாம்பாளை ஆட்டோவில் ஏற்றி வந்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள் லீலா மேரி. குளுக்கோஸ் ஏறத் தொடங்கியதும் நர்ஸ் படிவத்தோடு வந்தாள்.

“அவங்களுக்கு நீங்க என்ன உறவும்மா?”

“சம்பந்தி. எம் பொண்ணை அவங்க மவனுக்குத்தான் குடுத்தேன்.”

நர்ஸ் யோசித்தாள். “இதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தையே இல்லையே. ‘ஃபிரண்ட்’னு போட்டுடவா?”

“வேணாம்மா. சம்பந்தின்னு தமிழ்லயே எழுதிடு.”

நர்ஸ் சிரித்தபடி எழுதினாள். “சரி, மருமகனுக்கு போன் பண்ணி வரச் சொல்லுங்க.”

“நான் கூப்பிட்டா எடுக்க மாட்டாரு. நீயே பேசிடும்மா.”

“ஏன், கோபமா?”

லீலா மேரி ஜெகதாம்பாளின் போர்வையைச் சரிசெய்தாள்.

“எம் பொண்ணும் அவரும் விவாகரத்து வாங்கி மூணு வருஷமாச்சு. நாங்க ரெண்டு பேரும் வாங்கிக்கல.”