தேங்காய் எண்ணெயின் கவலை

தலைவலியால் துவண்டு படுத்திருந்த மகளின் நெற்றியில் தடவுவதற்காக, வளர்மதி வீட்டிலேயே வாசனைத் தைலம் கலந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தில் சிறிது தேங்காய் எண்ணெய் இருந்தது. அதில் கிராம்புத் தைலத்தை ஒரு துளி விட்டு முகர்ந்தாள். மணம் போதவில்லை என்று மேலும் ஒரு துளி விட்டாள். முகர முகர அவளுடைய மூக்கு மரத்துப்போனது. அதை அவள் உணரவில்லை. தேங்காய் எண்ணெய் உணர்ந்தது.

“போதும் தம்பி, இனி விழாதே! பிள்ளையின் நெற்றி வெந்துவிடும்” என்று அது பதறியது.

“நானாகவா விழுகிறேன்? அவளல்லவா ஆசையாய்க் கூப்பிடுகிறாள்! உனக்கேன் அக்கா வயிற்றெரிச்சல்?” என்று சிரித்தபடியே கிராம்புத் தைலம் மீண்டும் குதித்தது.

வளர்மதி கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். விரல் மகளின் நெற்றியை நெருங்கியது. அதன் நுனியில் ஒட்டியிருந்த தேங்காய் எண்ணெய் நடுங்கியது; தடுப்பதற்கு அதற்குக் கை ஏது?

“ஐயோ அம்மா, கண்ணெல்லாம் எரிகிறது!” விரல் படுவதற்குள் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வளர்மதி திடுக்கிட்டாள். புட்டியில் எஞ்சியிருந்த தேங்காய் எண்ணெய் முழுவதையும் ஒரு ஜாடியில் ஊற்றி, கிண்ணத்தில் இருந்ததை அதனுடன் கலந்தாள். தன் முழங்கை மடிப்பில் தடவி, எரியவில்லை என்று உறுதிசெய்த பின்னரே மகளுக்குத் தடவினாள். மகள் கண்ணயர்ந்ததும், ஜாடியின் மேல் ‘கிராம்புத் தைலம்’ என்று எழுதி ஒட்டினாள்.

“பார்த்தாயா அக்கா, யார் பெயர் என்று?”

தேங்காய் எண்ணெய் உறங்கும் பிள்ளையின் நெற்றியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. நெற்றி சிவக்கவில்லை.