சிவப்புப் பொட்டு

"காது கிழியுது, நிறுத்தச் சொல்லும்மா."

மகள் பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். அப்பாவும் பொத்திக்கொண்டு, உத்தரத்துப் பெட்டியை அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். ஏணியில் நின்ற அலாரக்காரர் பட்டனிலிருந்து விரலை எடுத்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது.

அப்பாவுக்கு அது அலறல். அவளுக்கோ காதில் தேன் வந்து பாய்ந்த மாதிரி இருந்தது.

போன மாதம் இதே வீட்டில் அடுப்பில் வைத்த பால் வற்றி, பாத்திரம் கருகி, ஜன்னல் வழியாகப் புகை போயிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கதவை உடைக்காத குறையாகத் தட்டியிருக்கிறார். அப்பா பக்கத்து அறை நாற்காலியில்தான் இருந்தார். கொஞ்சம் கண் அசந்துவிட்டதாகச் சொன்னார். அம்மா போன பிறகு சரியான தூக்கம் இல்லாத மனுஷன், பகலில் அசந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூட வந்துவிடுங்கள் என்றால் அப்பா அசைய மாட்டார். வேலையை விட்டுவிட்டு அவளும் இங்கே வந்து உட்கார முடியாது. மாமியார் படுத்த படுக்கையாக இருக்கும் இரண்டு அறை வீடு அவளுடையது. வாங்க என்று வாய் சொல்லும்போதே, இவரை எங்கே படுக்க வைப்பது என்று மனசு ஓடும். அப்படி ஓடியதற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

போனில் சமாதானமாகப் பேசிப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பேச அலுப்பாக இருக்கிறது என்று அப்பா இப்போதெல்லாம் மெசேஜில்தான் பதில் போடுகிறார். இந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டாரே என்று அவள் ஆபீஸ் முழுக்கப் பெருமை அடித்திருந்தாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அலாரம் மாட்டி, எல்லாம் சரியாக இருந்தால் அப்பா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் நாளைக் காலை வண்டியில் அவளோடு கிளம்பியாக வேண்டும். எதற்கெடுத்தாலும் வாதாடும் அப்பா இதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

அலாரக்காரர் பேச்சில் கெட்டி, வேலையில் அதைவிடக் கெட்டி. சமையலறையில் புகையைப் பிடிக்கிற பெட்டி வைத்தால் எதையாவது வறுத்தாலே கத்தும், எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி விடுவீர்கள், அங்கே சூட்டைப் பிடிக்கிற பெட்டிதான் சரி என்றார். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் புகைப் பெட்டி. ஒன்று கத்தினால் மூன்றும் சேர்ந்து கத்தும். வாரம் ஒரு தடவை பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும், மாதம் ஒரு தடவை தூசி துடைக்க வேண்டும்.

காது மந்தமானவர்களுக்கென்று இன்னொன்றும் வைத்திருந்தார். பளீர் பளீரென்று வெளிச்சம் அடிக்கும், தலையணைக்கு அடியில் வைத்த வட்டு ஆளையே உலுக்கி எழுப்பும்.

"அப்பாவுக்கா? அவருக்குப் பாம்புச் செவி. காலேஜ் படிக்கிறப்போ நான் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு நுழைஞ்சாக்கூடக் கண்டுபிடிச்சிடுவார்."

அவள் சிரித்தாள். அலாரக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அப்புறம் அலாரக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டிகளை மாட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது, கத்தும்போது மின்னும், சும்மா இருக்கும்போதும் நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாக மின்னும், உயிரோடு இருக்கிறேன் என்று சொல்கிறது, அவ்வளவுதான், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள் என்று சுவரைப் பார்த்தே சொல்லி முடித்தார்.

முதல் சோதனைதான் அந்த அலறல். அடுத்தது கடைசிச் சோதனை. ஐயா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தூங்குகிற மாதிரி படுக்க வேண்டும். இவர் கூடத்துப் பட்டனை அழுத்துவார். உள்ளே கேட்டதும் ஐயா குரல் கொடுக்க வேண்டும். மகள் அப்பாவின் எதிரே நின்று அதை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் போய்ப் படுத்தார். கண்ணாடியோடுதான் தூங்குவீர்களா என்று கேலி செய்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.

அதற்குள் அவள் கணவன் போனில் கூப்பிட்டான். வாசல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு மாடிப்படிக்குப் போய்ப் பேசினாள். எல்லாம் முடிந்தது, அப்பா இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு நான் மட்டும்தான் வருகிறேன் என்றாள். சொல்லும்போது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவள் திரும்பி வந்து வாசல் கதவைத் தள்ளவும், படுக்கையறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வரவும் சரியாக இருந்தது.

"கேட்டுச்சு தம்பி, போதும் நிறுத்து. காது கிழியுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன் பேச்சில் அலறலைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அலாரக்காரர் மேஜையில் வைத்திருந்த படிவத்தை எடுத்து, "மூடிய அறையில் ஒலி கேட்டது" என்ற வரிக்கு நேராக ஒரு டிக் போட்டாள். "நான்தான் சொன்னேனே, பாம்புச் செவின்னு" என்றபடி கீழே கையெழுத்தையும் போட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அலாரக்காரர் ஏணியின் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி, சாத்தியிருந்த அந்தப் படுக்கையறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் இன்னும் பட்டனை அழுத்தவே இல்ல."