தூரத்தில் நிற்காதவர்கள்

ஐந்து பேரும் கேமராக்களைக் கழற்றி வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். இவ்வளவு மரியாதை தெரிந்த நண்பர்களா என்று நவாலுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அவள் கணவன் ஷவ்கி இறந்த நாற்பதாம் நாள்.

சர்க்கரை போடாத காப்பி கொடுத்தாள். எல்லோரும் மரியாதையாக 'உஸ்தாத்' என்று அழைக்கும் புகைப்படக் குழுத் தலைவர் மம்தூஹ்தான் பேசினார். பேச்சில் அவரை மிஞ்ச அலெக்சாண்ட்ரியாவில் ஆள் இல்லை.

"தங்கச்சி, எங்களுக்குக் குழுன்னா குடும்பம். ஒருத்தனுக்கு அடிபட்டா எல்லாருக்கும் வலிக்கும்."

"தெரியும் உஸ்தாத். உங்க பேச்சைக் கேட்டுத்தானே அந்த நீள லென்ஸையே வித்தாரு!" நவால் அழுகைக்கு நடுவே சிரித்தாள். "தூரத்துல நின்னு எடுக்கிறவன் திருடன்னு சொல்லிட்டுத் திரிவாரு. நான் மீன் பொரிக்கிறப்போ முகத்தை எடுக்கணும்னு மூக்குகிட்ட கேமராவைக் கொண்டுவந்து, லென்ஸ் பூரா எண்ணெய்."

எல்லோரும் சிரித்தார்கள். "இன்னிக்கும் அதான் எங்க சட்டம். எங்கள்ல யார்கிட்டயும் நீள லென்ஸ் கிடையாது" என்றார் மம்தூஹ் பெருமையாக.

நவால் தயங்கினாள். இத்தனை நாளாக அவளைத் தூங்கவிடாத கேள்வி அது.

"அன்னிக்கு அவரு பக்கத்துல யாருமே இல்லையா?"

"புயல் அலையைப் படம் எடுக்கத்தான் எல்லாருமாப் போனோம். ஷவ்கி மட்டும் கடற்சுவர் மேல ஏறிட்டான். நாங்க அந்தக் கோடியில, டீக்கடைகிட்ட. அலை அடிச்சதுல கல்லைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினான். ஓடி வர்றதுக்குள்ள போயிட்டான். பக்கத்துல இருந்திருந்தா விட்டிருப்போமா?"

அது போதும் அவளுக்கு. யாரும் கைவிடவில்லை, தூரம்தான் கெடுத்துவிட்டது. நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

மம்தூஹ் துணியில் சுற்றி வந்ததைப் பிரித்தார். ஃபிரேம் போட்ட புகைப்படம்.

"ஷவ்கி நினைவா கண்காட்சி வைக்கிறோம். நடுவுல இதுதான். நான் எடுத்ததுலயே சிறந்த படம் இதுதான், தங்கச்சி. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

படம் முழுக்க ஷவ்கியின் முகம். இமையில் தொங்கும் துளிகூடத் தெரிந்தது. ஒரு கை கல்லைப் பிடித்திருந்தது; மறு கை கேமராவை நோக்கி நீண்டிருந்தது. ஓரமெல்லாம் லென்ஸில் தெறித்த நீர்ப் பொட்டுகள்.

நவால் வெகுநேரம் பார்த்தாள். தன் கையை மெல்ல நீட்டி அந்த விரல்களைத் தொட்டாள்.

"பிடிச்சிருக்கலாமே, உஸ்தாத்."