நூற்றுப் பதினெட்டுப் பொட்டுகள்

“கறை,” என்றார் மதிப்பீட்டாளர்.

அப்படியே படிவத்திலும் எழுதிக்கொண்டார்.

அவன் அடுத்த கிரிக்கெட் அட்டையை நீட்டினான். அவர் லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இதுலயும் கறை.”

“சார், கறை இல்ல. குங்குமம்.”

“குங்குமந்தான் சார். அட்டையில பட்டா அதுக்குப் பேரு கறை.”

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. பழைய காசு, தபால்தலை, அட்டை எதுவானாலும் இலவசமாக மதிப்பிட்டுச் சொல்வதாகப் பேப்பரில் போட்டிருந்தது. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று வந்திருக்கிறான்.

சின்ன வயதில் பபிள்கம் வாங்கிச் சேர்த்த நூற்றுப் பதினெட்டு அட்டைகள். நான்கு வீடு மாறியும் ஒரு முனைகூட மடங்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டதில்லை. யாரையும் தொட விட்டதில்லை.

ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு.

கடைசி அட்டையை மட்டும் அவர் வெகுநேரம் பார்த்தார். பந்துவீச்சாளரின் படம். கீழே விக்கெட் கீப்பரின் பெயர். அச்சுப் பிழை. சுத்தமாக இருந்தால் பதினான்காயிரத்துக்குப் போகும் என்றார்.

ஒரு நல்ல பேட்டின் விலை. நாளை காலை மகளுக்கு மாவட்ட அணித் தேர்வு.

பொட்டோடு என்றால் இருநூறு.

அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டால்தான் அவன் போனில் கேட்கும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைப்பாய், சரி, அட்டைக்கெல்லாம் யார் வைக்கச் சொன்னது என்று கத்தினான்.

“நீதானப்பா சொன்ன,” என்றாள் அம்மா. “நான் இந்தியாக்காரங்களுக்கு மட்டுந்தான் வச்சேன். மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்கன்னு அழுத. அந்தப் பாகிஸ்தான்காரருக்கு வச்ச பொறகுதான் சாப்பிடவே வந்த.”



பிள்ளைக்கு நாளை எத்தனை மணிக்கு என்று அம்மா கேட்டாள். சொன்னான்.

மதிப்பீட்டாளர் லென்ஸைத் துடைத்தார். படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். முதல் வரியில் ‘கறை’ என்றிருந்ததை அடித்தார். ‘குங்குமம்’ என்று எழுதினார்.

விலையை மாற்றவில்லை.

இரண்டாவது வரியிலும் அடித்தார். மூன்றாவதிலும். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நூற்றுப் பதினெட்டு வரியும் முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

அவன் எதையும் விற்கவில்லை.

வீட்டில் மகள் பழைய பேட்டின் கைப்பிடியில் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் கையில் அட்டைப் பெட்டி மட்டும் இருந்ததைப் பார்த்தாள். டேப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினாள்.

அவன் சாமி அலமாரியைத் திறந்து குங்குமச் சிமிழை எடுத்தான். பேட்டின் மேல் மூலையில் ஒரு பொட்டு வைத்தான்.

நாளை தேர்வுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான்.

முப்பத்திரண்டு என்றாள்.

சிமிழைச் சாய்த்துப் பார்த்தான்.

முப்பத்திரண்டு பேருக்கும் போதும்.

மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.