ஒரு சருகுகூட இல்லாத தோட்டம்

ஒரு தோட்டத்தில் நீளக் கம்பு கட்டிய விளக்குமாறு ஒன்று இருந்தது. தரையில் ஒரு சருகு கிடந்தாலும் அதற்குத் தூக்கம் வராது.

"அண்ணே, அந்தச் சருகை என் காலடியிலேயே விட்டு வையேன். வெயில்ல மண்ணு வெடிக்குது" என்று புடலங்கொடி கெஞ்சும்.

"குப்பையிலே குடியிருக்கிறது ஒரு பிழைப்பா?" என்று சொல்லிவிட்டு, விளக்குமாறு எல்லாவற்றையும் வாரித் தெருவில் தள்ளிவிடும்.

கூட்டிக் கூட்டி அது கட்டையாகத் தேய்ந்தது. வீட்டுக்காரர் புதிது ஒன்று வாங்கினார். பழையதை, கொடி பற்றி ஏறட்டும் என்று அதன் பக்கத்திலேயே ஊன்றிவிட்டார்.

அன்று மத்தியான வெயிலிலேயே பழையதற்குக் கால் பொசுங்கியது. "தம்பி, கொஞ்சம் சருகு இருந்தா இந்தப் பக்கம் தள்ளேன்" என்று புதியதிடம் கேட்டது.

"குப்பையோட குப்பையாக் கிட" என்று புதியது எரிச்சலோடு அவ்வளவு சருகையும் அதன் காலடியில் தள்ளியது. தினமும் அப்படியே தள்ளியது.

சருகுக்கு அடியில் ஈரம் தங்கியது. மண்புழுக்கள் வந்தன. மண் பொலபொலவென்று ஆனது. கொடி கிடுகிடுவென்று கம்பில் ஏறி, ஒரு விடியற்காலையில் அதன் உச்சியில் நூல் நூலாக ஒரு வெள்ளைப் பூவை விரித்தது.

புதியது அண்ணாந்து பார்த்தது. "விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமா?" என்றது.

"ஆமா தம்பி" என்றது பழையது. "இன்னைக்குச் சருகு இன்னும் வரலையே?"