அறுபத்து நான்காவது இணைப்பு

சிங்கப்பூரின் ஜூரோங்கில் இருந்த அந்தக் கப்பல் பட்டறை அலுவலகத்தில் காலையிலிருந்தே நெட்வொர்க் திணறியது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எல்லோரும் உள்ளே வரும் கேட்வே சர்வரில் நினைவகம் நிரம்பியிருந்தது. அதை ஒருமுறை நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும். அதற்கு முன் இணைப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் தகவல் அனுப்பி, வேலையைச் சேமித்துவிட்டு வெளியேறச் சொல்வது, சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜோவன்னாவின் வழக்கம்.

அறுபத்து மூன்று பேர் வெளியேறினார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை. பெயர் ஆம்ப்ரோஸ் என்றிருந்தது.

அவளுடைய கணவர். நோய் முற்றிய பிறகும் வீட்டிலிருந்தபடியே இதே பட்டறைக்கு வரைபடம் போட்டவர். மார்ச் மாதம் இறந்துபோனார். அவருடைய கணக்கை மூடியதும் அவள்தான்.

"பழைய இணைப்பு ஏதோ மாட்டிக்கிச்சு லா, அக்கா. கட் பண்ணிடுங்க," என்றான் பக்கத்து மேசை நிதீஷ். "மேனேஜர் ரெண்டு தடவ கூப்ட்டுட்டாரு."

ஆனால் அந்த இணைப்பு சும்மா இருக்கவில்லை. சில வினாடிகளுக்கு ஒருமுறை கொஞ்சம் தரவு போய்க்கொண்டிருந்தது, யாரோ நிதானமாகக் கோடு போடுவதைப் போல.

ஜோவன்னாவுக்குத் துண்டிக்கக் கை வரவில்லை. மருத்துவமனையில் சுவாசக் குழாயை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட கை அது.

"அஞ்சு நிமிஷம் இரு, நிதீஷ்."

அந்தப் பெயருக்குத் தனியாக எழுதினாள்: 'அவசரமில்லைங்க. முடிச்சிட்டே போங்க.'

நான்காவது நிமிடத்தில் எண்ணிக்கை பூஜ்யமானது. சர்வர் பதிவின் கடைசி வரியில் இணைப்பு முடிந்த காரணம் இருந்தது. பயனர் தாமாகவே வெளியேறினார்.